கறுப்புக் கோட்டு கிடைத்தது, கூலி எப்போது?

டாக்குரியா: காலை எட்டரை மணிக்கு டாக்குரியா ஸ்டேஷனில் சியால்தா வண்டிக்காக நிற்கும் கூட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் உண்டு. அவர்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும், கையில் மடித்துப் போட்ட கறுப்புக் கோட்டுமாகச் சில இளைஞர்களையும் இளம் பெண்களையும் காணலாம். சியால்தாவில் இறங்கி, மெட்ரோ ரயிலில் மகாகரண் நிலையம் வரை சென்று, அங்கிருந்து ஹைகோர்ட்டை ஒட்டியுள்ள ஓல்டு போஸ்ட் ஆபீஸ் தெருவுக்கும் கிரண் சங்கர் ராய் சாலைக்கும் நடந்து போகிறவர்கள் இவர்கள். அந்த இரண்டு தெருக்களிலும் சட்டக் கம்பெனிகளும் வக்கீல்களின் அறைகளும் மாடிக்கு மாடி நிறைந்துள்ளன.

பார்க்கிறவர்களுக்கு இவர்கள் வக்கீல்கள். தபால்காரர்கூட 'வக்கீல் பாபு' என்றுதான் அழைப்பார். ஆனால் மாதக் கடைசியில் சீசன் டிக்கெட்டுக்கு அப்பாவிடம் கை நீட்டுகிறவர்கள் இவர்களில் எத்தனை பேர் என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

இந்த விஷயம் இதுநாள் வரை வீட்டுக் கவலையாக மட்டுமே இருந்தது. 2025 மே 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு இது பொதுப் பிரச்னையாகிவிட்டது. லேக் மார்க்கெட், டாக்குரியா, ஜாதவ்பூர் பக்கங்களில் பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைத்துள்ள தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தீர்ப்பு என்ன?

கீழ்க்கோர்ட்டுகளில் சிவில் நீதிபதி (ஜூனியர் பிரிவு) பதவிக்கு விண்ணப்பிக்க, குறைந்தது 3 ஆண்டுகள் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையில் 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இதை வழங்கியது. இந்த விதி புதியதல்ல. முன்பு இருந்து, 2002-ல் கைவிடப்பட்டு, இப்போது மீண்டும் கொண்டுவரப்பட்டதுதான். இடையில் இருந்த 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், பட்டம் பெற்ற கையோடு பரீட்சை எழுதி நீதிபதியாகிவிட முடிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு நேர் வழியாக இருந்தது.

கோர்ட்டு சொன்ன காரணத்தைக் குறை கூற முடியாது. கோர்ட்டு வாசலையே மிதிக்காதவர், மறுநாள் நாற்காலியில் அமர்ந்து ஒருவரது வீட்டையும் நிலத்தையும் உரிமையையும் தீர்மானிப்பது சரியல்ல. அனுபவம் வேண்டும். அதில் மறுப்பு இல்லை.

ஆனால் அந்த 3 ஆண்டுகளும் அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்குத் தீர்ப்பில் விடை இல்லை. சட்டத்திலும் இல்லை.

ஒரே ஆண்டு, இரண்டு சட்டங்கள்

1961-ல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று அப்ரண்டீஸ் சட்டம். இன்னொன்று வக்கீல்கள் சட்டம்.

அப்ரண்டீஸ் சட்டம் தொழிற்சாலைகளில் வேலை பழகுகிறவர்களுக்கானது. காஞ்சராப்பாடா, லிலுவா ரயில்வே பட்டறைகளில் பிட்டர், வெல்டர் வேலை பழகும் பையன்கள் இச்சட்டத்தின்கீழ் வருகிறார்கள். பயிற்சிக் காலம் இவ்வளவு, வேலை நேரம் இவ்வளவு, மாத உதவித்தொகை இதற்குக் குறையக் கூடாது என்று எல்லாம் எழுத்தில் உண்டு. ஒப்பந்தம் பதிவாகிறது. பட்டறை நிர்வாகி மனம் வைத்துக் கொடுப்பதல்ல அந்தத் தொகை. கொடுத்தே தீர வேண்டியது.

வக்கீல்கள் சட்டமும் முதலில் பயிற்சியைப் பற்றிப் பேசியது. பட்டம் பெற்றவர் ஒரு மூத்த வக்கீலிடம் இருந்து தொழில் பழகி, பார் கவுன்சில் பரீட்சையும் தேறிய பிறகே பதிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தது. 1973-ம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த ஏற்பாடு எடுக்கப்பட்டது. பட்டம் பெற்றவர் நேராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாயிற்று. 1995-ல் இந்திய பார் கவுன்சில் மீண்டும் ஓராண்டுப் பயிற்சி விதியைக் கொண்டுவந்தது. சட்டத்தில் அதற்கு அதிகாரம் இல்லை என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2010-ல் கொண்டுவரப்பட்ட அகில இந்திய பார் பரீட்சை செல்லும் என்று 2023 பிப்ரவரியில் 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு முடிவு செய்தது. ஆக, பரீட்சை நிலைத்துவிட்டது. பயிற்சி, விதிப் புத்தகத்தை விட்டே போய்விட்டது.

விதி போனதால் பயிற்சியின் தேவை போய்விடுமா? வக்காலத்து எப்படித் தாக்கல் செய்வது, சர்டிபிகேட் நகல் எங்கே வாங்குவது, சொத்துப் பத்திரத்தில் வில்லங்கம் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் வகுப்பறையில் வருவதில்லை. சீனியரின் பின்னால் நடந்துதான் கற்க வேண்டும். முன்பு விதியின்படி நடந்தார்கள். இப்போது விதியில்லாமல் நடக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். விதி இருந்தால் காலமும் உரிமையும் எழுத்தில் இருக்கும். விதி இல்லாத இடத்தில் பழகுகிறவர் சீனியரின் தயவில் இருக்கிறார்.

அட்டர்னி ஆபீசில் ஒரு நரேந்திரன்

கல்கத்தாவுக்கு இதில் பழைய சரித்திரம் உண்டு. 1862-ல் தொடங்கிய இந்த ஹைகோர்ட்டின் அசல் வழக்குப் பிரிவில் இங்கிலாந்து முறையே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. கட்சிக்காரரைப் பார்த்துத் தஸ்தாவேஜுகளைத் தயார் செய்கிறவர் அட்டர்னி. கோர்ட்டில் எழுந்து வாதாடுகிறவர் பாரிஸ்டர் அல்லது அட்வகேட். அட்டர்னி ஆக விரும்புகிறவர் ஒரு அட்டர்னியின் ஆபீசில் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, 'ஆர்ட்டிக்கிள் கிளார்க்' என்ற பெயரில் வேலை பழக வேண்டும்.

அப்படி வேலை பழகச் சேர்ந்தவர்களில் ஒருவர் சிம்லா பகுதி இளைஞரான நரேந்திரநாத் தத்தர். அவரது தந்தை விசுவநாத தத்தரே ஹைகோர்ட்டு அட்டர்னிதான். மகனை நிமாய் சரண் பாசு என்ற அட்டர்னியிடம் தொழில் பழகச் சேர்த்தார். 1884 பிப்ரவரியில் தந்தை திடீரெனக் காலமானார். வீட்டில் கடன், உறவினருடன் வழக்கு, தாயும் தம்பி தங்கைகளும் சாப்பிட வேண்டும். பி.ஏ. பட்டதாரியான நரேந்திரன் வெயிலில் வெறுங்காலோடு ஆபீஸ் ஆபீஸாக வேலை தேடி அலைந்தார். அட்டர்னி ஆபீசில் கிடைத்த வேலையையும், புத்தக மொழிபெயர்ப்பையும் செய்து கொஞ்சம் சம்பாதித்தார். சட்டப் படிப்பை அவர் முடிக்கவில்லை. பின்னாளில் அவரே சுவாமி விவேகானந்தராகக் கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் வந்தார்.

அவர் துறவு பூண்டதற்குக் காரணம் வேறு. ஆனால் தந்தையின் வருமானம் நின்ற மறுநாள் தொழில் பழகுகிறவனின் கதி என்ன என்பதற்கு இந்த ஊரிலேயே இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. 140 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிலை மாறவில்லை. 1976-ம் ஆண்டுத் திருத்தத்தால் அட்டர்னி என்ற தனி வகுப்பு 1977 முதல் மறைந்தது. எல்லோரும் அட்வகேட்டுகள் ஆனார்கள். ஆர்ட்டிக்கிள் ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது. பழகுகிறவரின் கஷ்டம் மட்டும் அப்படியே நின்றது.

கம்பெனியில் என்ன நடக்கிறது?

இங்கே ஒரு வேற்றுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேறு. பதிவு செய்துகொண்ட பிறகு ஜூனியராக இருப்பது வேறு.

படிக்கும்போது செய்வது 'இன்டர்ன்ஷிப்'. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி 3 ஆண்டுப் படிப்புக்கு 12 வாரமும், 5 ஆண்டுப் படிப்புக்கு 20 வாரமும் இதைச் செய்ய வேண்டும். ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. சட்டக் கம்பெனியிலும் செய்யலாம். ஆனால் ஒரு முறையாவது கோர்ட்டு வக்கீலிடம் இருந்திருக்க வேண்டும். இதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று விதியில்லை. நான்கு வாரப் பயிற்சிக்கு டிராம், பஸ் செலவு போனால் போகட்டும் என்று பெற்றோர் ஏற்றுக்கொள்வார்கள்.

பதிவுக்குப் பிறகு வருவதுதான் நீண்ட பாதை. பெரிய கார்ப்பரேட் கம்பெனிகள் நல்ல தொகை கொடுத்து ஆளெடுக்கின்றன. ஆனால் அவை தேடிச் செல்வது பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களை. நடுத்தர, சிறு கம்பெனிகளிலும் தனி வக்கீல்களின் அறைகளிலும் நிலைமை வேறு. 'வந்து கற்றுக்கொள்' என்பதே அங்கே சம்பளம். காலையில் வழக்குப் பட்டியல் பார்ப்பது, கோர்ட்டில் நாள் கேட்பது, பதிவு அலுவலகத்தில் பத்திரம் தேடுவது, மாலையில் மனு எழுதுவது, இரவில் கட்சிக்காரருடன் கலந்தாலோசனை என்று பொழுது போய்விடும். முஹுரி என்று இங்கே அழைக்கப்படும் வக்கீல் குமாஸ்தாவுக்காவது ஒவ்வொரு வழக்கிலும் கட்சிக்காரர் ஏதேனும் கொடுப்பது வழக்கம். ஜூனியருக்கு அதுவும் இல்லை.

மாதம் ஒரு தொகை கொடுக்கும் இடங்களிலும் அது 'சம்பளம்' அல்ல. பதிவு பெற்ற வக்கீல் முழுநேரச் சம்பள உத்தியோகத்தில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே 'ரிடெய்னர்' என்றும், 'தொழில் கட்டணம்' என்றும் பெயர் வைத்துத் தருகிறார்கள். அதனால் பிராவிடண்ட் பண்டு இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை. வேலை நேரம் மட்டும் உத்தியோகஸ்தருக்கு உள்ளதைவிட அதிகம்.

சீனியர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் ஓராண்டில் ஜூனியரால் ஆபீசுக்குக் கிடைக்கும் வருமானம் குறைவு. அவருக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவாகும் நேரம் அதிகம். சீனியர் என்றாலே பணக்காரர் என்பதும் தவறு. அலிப்பூர் கோர்ட்டில் 20 ஆண்டு தொழில் செய்தும் வாடகைக்குத் திண்டாடும் வக்கீல் உண்டு. கற்ற பிறகு ஜூனியர் தம் கட்சிக்காரரையே அழைத்துக்கொண்டு வெளியேறுவார் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு.

ஆனால் இதே நியாயம் ஆடிட்டர் தொழிலுக்கும் பொருந்தும் அல்லவா? சி.ஏ. படிக்கும் பையன் ஆடிட்டர் கம்பெனியில் ஆர்ட்டிக்கிளாகச் சேர்ந்தால், ஊரின் ஜனத்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று அவர்களது கழகத்தின் விதியே கூறுகிறது. தொகை சிறியதுதான். ஆனாலும் உரிமை என்று ஒன்று உள்ளது. டாக்டருக்குப் படித்தவர் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதும் உதவித்தொகை உண்டு. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டு வாங்கித் தரும் தொழிலில் மட்டும் அது இல்லை.

சென்னை காட்டிய வழி

இந்த விஷயத்தில் சென்னை ஹைகோர்ட்டு கண்டிப்பாகப் பேசியது என்பது நமக்குப் பெருமை. புதுச்சேரி வக்கீல்களின் நலநிதி பற்றிய வழக்கில், 2024 ஜூன் மாதம் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் ஓர் உத்தரவிட்டனர். சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டும். இதைத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. உழைப்பை வாங்கிக்கொண்டு ஊதியம் கொடுக்காதது சுரண்டல் என்ற கருத்தும் அதில் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நாடு முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000. 3 ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். சேரும்போதே எழுத்தில் கடிதம் தர வேண்டும். கொடுக்காவிட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம் என்று அதில் இருந்தது. நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அது சிபாரிசு மட்டுமே. கட்டாயம் அல்ல. புகார் கொடுக்கலாம் என்பதும் பேச்சுக்குச் சரி. தன் சீனியர் மீது புகார் கொடுத்த ஜூனியருக்கு மறுநாள் அந்தத் தெருவில் யார் இடம் கொடுப்பார்கள்?

சில மாநில அரசுகள் தம் கஜானாவிலிருந்து உதவி செய்ய முன்வந்தன. ஆந்திரம் 2019-ல் புதிய வக்கீல்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 ஆண்டுகளுக்குக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு 2020-ல் மாதம் 3,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு அறிவித்தது. 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு சுமையைக் குறைத்தது. பதிவுக் கட்டணமாகப் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கி வந்தார்கள். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரிடம் 125 ரூபாய்தான் என்று கோர்ட்டு கூறிவிட்டது. உள்ளே நுழையும் கதவு இதனால் அகலமானது. உள்ளே போனவர் நிற்பதற்குத்தான் இன்னும் வழியில்லை.

குடும்பக் கணக்கு

டாக்குரியாவில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் ஐந்தாண்டு சட்டம் முடித்துவிட்டாள். வயது 23. சீனியர் மாதம் 5,000 ரூபாய் 'வண்டிச் சத்தம்' கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், சென்னை ஹைகோர்ட்டு சொன்ன 20,000-க்கு மாதம் 15,000 குறைகிறது. 36 மாதத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இந்தத் தொகையைச் சீனியரும் கொடுக்கவில்லை, சர்க்காரும் கொடுக்கவில்லை. அந்தக் குமாஸ்தா அப்பா கொடுக்கிறார். அவரே தமக்குத் தெரியாமல் நீதித் துறைக்கு மானியம் வழங்குகிறார் என்று சொன்னால் மிகையாகாது.

அவருக்கு ரிட்டயராக 2 ஆண்டுதான் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? மகள் கோட்டை மடித்து வைத்துவிட்டு ஏதேனும் கம்பெனியில் வேலைக்குப் போவாள். அல்லது 'கல்யாணத்தை முடித்துவிடலாம்' என்று ஊரிலிருந்து கடிதம் வரும். அப்பா வக்கீலாகவும், சொந்த வீடும் வாடகை வருமானமும் உள்ளவராகவும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு 3 ஆண்டு என்பது பொறுமையைச் சோதிக்கும் காலம் மட்டுமே. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது தாண்ட முடியாத ஆறு. நாளைக்கு நீதிபதி நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பதை இந்தக் கணக்குத்தான் முடிவு செய்யப் போகிறது.

வெளி மாநிலத் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மேற்கு வங்க நீதித் துறைத் தேர்வுக்கு வங்காளி எழுதப் படிக்கப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டுத் தேர்வுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இங்கிலீஷிலும் இந்தியிலும் படித்த பிள்ளை இரண்டு கரையிலும் சேராமல் போகக் கூடும். ஹைகோர்ட்டில் இங்கிலீஷ் போதும். அலிப்பூர், சியால்தா கோர்ட்டுகளில் சாட்சியும் பழைய பத்திரமும் வங்காளியில்தான். ஆகவே எந்த மாநிலத் தேர்வு என்பதைச் சட்டக் கல்லூரியில் சேரும்போதே தீர்மானித்து, அந்த மொழியை எழுதப் பழக வேண்டும்.

இரண்டு பவுன் சம்பளம்

தென்னாப்பிரிக்காவில் 1940-களில் ஜோகானஸ்பர்க் நகரச் சட்டக் கம்பெனி ஒன்றில் ஒரு கறுப்பின இளைஞர் ஆர்ட்டிக்கிள் கிளார்க்காகச் சேர்ந்தார். தொழில் பழகுகிறவர் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது அங்கே அப்போதைய வழக்கம். அந்தக் கம்பெனி அதைத் தள்ளுபடி செய்து, மாதம் 2 பவுன் சம்பளமும் கொடுத்தது. பஸ் காசை மிச்சப்படுத்த அவர் பல நாள் ஆறு மைல் நடந்தே ஆபீஸ் போய், ஆறு மைல் நடந்தே திரும்பினார். கம்பெனிப் பங்குதாரர் லாசர் சிடெல்ஸ்கி கொடுத்த பழைய சூட்டையே ஐந்து ஆண்டு ஒட்டுப்போட்டு அணிந்தார். அந்த இளைஞர் நெல்சன் மண்டேலா.

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தாயா, கஷ்டப்பட்டால்தான் பெரிய ஆளாகலாம்' என்று ஜூனியர்களுக்கு உபதேசம் செய்பவர்கள் உண்டு. கவனிக்க வேண்டியது அதுவல்ல. கட்டணத்தைத் தள்ளி 2 பவுன் கொடுக்க ஒரு கம்பெனி இருந்ததால்தான் மண்டேலா என்ற வக்கீல் உருவானார். அப்படி ஒரு கை நீளாததால் உருவாகாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

செய்ய வேண்டியது

முதலாவதாக, பார் கவுன்சிலின் சிபாரிசு கட்டாய விதியாக வேண்டும். எல்லாச் சீனியராலும் 20,000 கொடுக்க முடியாது என்றால், வருமானம் மிக்க கம்பெனிகளுக்கு ஒரு அளவும் சிறு வக்கீல்களுக்கு ஒரு அளவும் வைக்கலாம். குறைவதை நலநிதியிலிருந்து சேர்க்கலாம். இரண்டாவதாக, 3 ஆண்டு அனுபவம் கேட்கிற நீதித் துறையும் அரசும், அதைப் பெற வழியும் செய்து தர வேண்டும். நீதிபதிகளின் கீழ் சட்டக் குமாஸ்தாவாக இருந்த காலத்தையும் 2025 தீர்ப்பு அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அத்தகைய ஊதியமுள்ள இடங்களை ஜில்லா கோர்ட்டுகள் வரை பெருக்கினால் பல ஏழைப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

இவை நடக்கும்வரை பெற்றோரும் பிள்ளைகளும் செய்துகொள்ளக் கூடிய காரியங்கள் சில உண்டு. சேரும் நாளிலேயே மாதத் தொகை, சேர்ந்த தேதி, வேலை என்ன என்பதைக் கடிதமாகக் கேட்டு வாங்க வேண்டும். பேரேடு எழுதுவது போல, ஆஜரான வழக்கின் எண்ணும் தேதியும் தினமும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். ஏனெனில் 3 ஆண்டு அனுபவத்துக்குச் சான்று தர வேண்டியவர் கோர்ட்டின் முதன்மை நீதித் துறை அதிகாரி, அல்லது அவரது மேலொப்பத்துடன் 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல். கடைசி நாளில் சீனியர் முகம் திருப்பிக்கொண்டால் இந்த நோட்டுத்தான் துணை. 3 ஆண்டு என்பது முதல் பதிவு நாளிலிருந்தே எண்ணப்படும் என்பதால் பட்டம் வந்ததும் பதிவைத் தள்ளிப்போடக் கூடாது.

காஞ்சராப்பாடா பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கும் அப்ரண்டீசின் உழைப்புக்கு 1961-லேயே பாராளுமன்றம் ஒரு விலை வைத்தது. அதே ஆண்டு இயற்றிய இன்னொரு சட்டத்தின்கீழ் வரும் அப்ரண்டீசுக்கு 60 ஆண்டுக்கு மேலாகியும் விலை வைக்கவில்லை. காலை வண்டியில் கறுப்புக் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண், மற்றவர் கூலிக்காகக் கோர்ட்டில் வாதாடப் போகிறவள். அவள் கூலிக்கு வாதாட யார் வருவார்கள்?